ஆர்சி இல்லாத மிலிட்டரி ஜோங்கா ஜீப் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க கணியம்பாடி பக்கம். சித்தப்பா மிலிட்டரில இருந்து ரிட்டயர்டு ஆனவரு, ஜோங்கா வாங்கியே ஆகணும்னு ஒரே பிடிவாதம். ராணிப்பேட்டைல ஒரு ஷெட்ல ரொம்ப வருஷமா ஓடாம ஒண்ணு நிக்குது. ஆர்சி இல்ல, ஏல பேப்பர் ஜெராக்ஸ் மட்டும் காட்டுறாங்க. வாங்கலாமா, என்ன வேலை வரும், அந்த பச்சை கலர அப்படியே வச்சுக்கலாமா?

பதில்: தம்பி, ஜெராக்ஸ நம்பி ஒரு ரூபா கூட அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. ஆர்மி வண்டிய நம்ம பேருக்கு ரிஜிஸ்டர் பண்ண, ஏலம் விட்ட ஆபீஸ் குடுத்த ஃபார்ம் 21, அதாவது விற்பனை சர்டிபிகேட், ஒரிஜினலா வேணும். ஜபல்பூர் ஃபேக்டரில ஜோங்கா தயாரிப்பையே 1999ல நிறுத்திட்டாங்க, அவ்ளோ பழைய வண்டிக்கு இனிமே புதுசா ஆர்சி வாங்க அலையறதுக்கு, ஏற்கனவே ஆர்சி இருந்து ரினியூவலும் பண்ணி ஓடிட்டிருக்கிற வண்டியா தேடுங்க, விலை கூட ஆனாலும் அதான் நல்லது. அதுலயும் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் நீங்களே டார்ச் அடிச்சுப் பாருங்க, ஏன்னா ஜோங்காவோடது கிட்டத்தட்ட 4 லிட்டர், 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், குடிக்கிற குடிக்கு கட்டாதுன்னு டீசல் இன்ஜின் ஏத்தினவங்க நிறைய பேரு, ஆர்சில பெட்ரோல்னே இருந்துச்சுன்னா நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ் கிளெய்ம் சிக்கலாயிடும்.

வேலைன்னு பார்த்தா ஓடின வண்டிய விட நின்ன வண்டிதான் செலவு வைக்கும். நம்ம வேலூர் வெயிலுக்கு பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப், ஆயில் சீல்னு ரப்பர் சாமான் எல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கும், அத்தனையும் மாத்தாம ரோட்டுக்கு எடுக்காதீங்க, அமிர்தி பக்கம் இறக்கத்துல பிரேக் போச்சுன்னா அவ்ளோ கனமான வண்டிய யாராலயும் நிறுத்த முடியாது. பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் புதுசா போடணும், இப்ப பங்க்ல வர எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர அரிச்சிடும். எடுத்ததும் செல்ஃப் அடிக்காதீங்க, பிளக்க கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஊறவச்சு, இன்ஜின கையால சுத்திப் பார்த்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. கியர்பாக்ஸ், ஆக்சில் ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தா உள்ள தண்ணி போயிருக்கு, பேரிங் பார்க்காம விலை பேசாதீங்க.

கலர் மாத்தியே ஆகணும். மத்திய மோட்டார் வாகன விதி 121 படி டிஃபென்ஸ் வண்டியத் தவிர வேற எந்த வண்டிக்கும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு மனசு கஷ்டமா இருக்கும்தான், பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. மாத்தின கையோட ஆர்சிலயும் கலர மாத்திடுங்க.