வீட்டு விஷயம், ஹாபி, உலக நியூஸ் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கிற அம்மா அப்பா யாராவது இருக்கீங்களா? அப்படி என்னதான் எழுதுவீங்க?

எழுதுறேங்க. ரெண்டு பிள்ளைங்களோட அம்மா நான், பெரியவ டீன் ஏஜ் ஆயிட்டா, சின்னவன் ஸ்கூல் பேக்கை கழட்டும்போதே "அம்மா உனக்கு விஷயம் தெரியுமா"ன்னு ஆரம்பிக்கிற வயசு. டைரின்னு சொன்னா பெருசா நெனச்சுக்காதீங்க, கோடு போட்ட சாதா நோட்டு, தேதி போட்டு நாலு வரி, சில நாள் ஒரே வரி, சில வாரம் ஒண்ணுமே இருக்காது. 2020 மார்ச் 11 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு அறிவிச்சதுக்கு அப்புறம் எல்லாரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தோம்ல, அப்ப நெறைய பேர் இந்த மாதிரி எழுத ஆரம்பிச்சாங்க, நானும் ஆரம்பிச்சேன், பாதிப்பேர் விட்டுட்டாங்க, எனக்கு ஒட்டிக்கிச்சு.

என்ன எழுதுறதுன்னு கேட்டீங்க. பொதுவா எல்லாரும் எழுதுறது எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர், எப்ப நடந்தான், எந்த போட்டியில பிரைஸ் வாங்கினா, இதுதான். அது வேணாம்னு சொல்ல வரல, ஆனா அதெல்லாம் தடுப்பூசி கார்டுலயும் ரிப்போர்ட் கார்டுலயும் போன் கேலரியிலயும் தானாவே சேர்ந்துடுது. உலக நடப்பும் அப்படித்தான், எந்த தேதியில என்ன நடந்துச்சுன்னு தேடினா ஒரு செகண்டுல கண்ணு முன்னாடி வந்து நிக்கும். எங்க தேடினாலும் கிடைக்காதது ஒண்ணுதான், அந்த நியூஸ் நம்ம வீட்டுக்குள்ள வந்தப்ப பிள்ளைங்க என்ன கேட்டாங்கங்கறது. நான் அதத்தான் எழுதுறேன். அவங்க கேட்ட கேள்விய அவங்க வாயில வந்த மாதிரியே, திருத்தாம, தேதியோட. நான் சொன்ன பதில பெரும்பாலும் எழுதுறதில்ல, திருப்பி படிச்சா அது எப்பவும் கொஞ்சம் போர்தான்.

பெரியவங்க ஆனப்புறம் மூணு, மூணரை வயசுக்கு முந்தினது பொதுவா யாருக்கும் ஞாபகத்துல நிக்கிறதில்ல, அதுக்கு அப்புறம் உள்ளதும் துண்டு துண்டாத்தான் இருக்கும். எங்க பெரியவகிட்ட சின்ன வயசுல நீ இப்படி கேட்டடின்னு சொன்னா "சும்மா கதை விடாதம்மா"ங்கறா, நோட்டை எடுத்து காட்டினாத்தான் வாய மூடுறா.

இதுல ஒரு வேடிக்கை, பெரிய நியூஸ் பெருசா இருக்கும்னு நெனைப்போம், நோட்டுல அப்படி இருக்கவே இருக்காது. 2023 மே 5 அன்னைக்குத்தான் கொரோனா அவசர நிலை முடிஞ்சுதுன்னு அதே உலக சுகாதார நிறுவனம் சொன்னாங்க, மூணு வருஷத்துக்கு மேல உலகத்தையே ஆட்டி வெச்ச விஷயம். அந்த தேதிக்கு என் நோட்டுல இருக்கிறது இவ்வளவுதான்: "சின்னவனுக்கு முன்பல்லு விழுந்துருச்சு, முழுங்கிட்டோமோன்னு ஒரே அழுகை, பல்லு தலகாணி உறைக்குள்ள கெடந்துச்சு." கொரோனா பத்தி ஒரு எழுத்து கிடையாது. எனக்கென்னமோ அதுதான் சரியான ரெக்கார்டுன்னு தோணுது, எங்க வீட்டுல அந்த நோய் பத்தின பேச்சு அதுக்கு முன்னாடியே அடங்கிப்போச்சு, அன்னைக்கு பல்லுதான் தலைப்புச் செய்தி.

ஹாபின்னு பாத்தா எனக்கு வானம் பாக்குறது. பெரிய டெலஸ்கோப் எல்லாம் இல்ல, ஒரு 10x50 பைனாகுலர், அதாவது பத்து மடங்கு பெருசா காட்டும், முன்னாடி கண்ணாடி 50 மில்லிமீட்டர் அகலம். ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் மாடியில சேர போட்டு உக்காந்து ரெண்டு முழங்கையையும் கைப்பிடியில ஊனிக்கிட்டு பாக்கணும், சும்மா நின்னு பாத்தா கை ஆட்டத்துல எல்லாம் கோடு கோடாத்தான் தெரியும். வியாழன் கிரகம் நல்லா மேல வர மாசங்கள்ல அதுக்கு ரெண்டு பக்கமும் பொடிப்பொடியா புள்ளி தெரியும், அதோட பெரிய நிலா நாலும் அதுங்கதான். சின்னவன் இத நோட்டுல வரைய ஆரம்பிச்சான். நடுவுல ஒரு வட்டம், இந்தப்பக்கம் ரெண்டு புள்ளி, அந்தப்பக்கம் ஒண்ணு, கீழ "இன்னொண்ண காணோம்". மறுநாள் பாத்தா எல்லாம் இடம் மாறியிருக்கு. அதுல ஒண்ணு வியாழனை சுத்தி வர ரெண்டு நாள் கூட ஆகாது, கிட்டத்தட்ட 42 மணி நேரம்தான், எல்லாத்துக்கும் வெளிய இருக்கிறது சுத்த பதினாறு நாளைக்கு மேல ஆகும். வியாழனை ஒட்டி இருக்கும்போது வெளிச்சத்துல கண்ணு கூசி புள்ளி மறைஞ்சிடும், பின்னாடி போனாலும் மறைஞ்சிடும், அதான் காணாம போன கதை.

கலிலியோ செஞ்சதும் இதேதான், 1610 ஜனவரி 7 ராத்திரி வியாழன் பக்கத்துல மூணு புள்ளி பாத்து ஏதோ நட்சத்திரம்னு நெனச்சு குறிச்சு வெச்சாரு, மறுநாள் பாத்தா மூணும் ஒரே பக்கத்துல நிக்குது, 13ஆம் தேதி நாலாவது தெரிஞ்சுது. ஒரு நாள் மட்டும் பாத்துட்டு குறிக்காம விட்டிருந்தா அதெல்லாம் வியாழனை சுத்துதுன்னு அவருக்கு எங்க தெரிஞ்சிருக்கப்போகுது. இத சொன்னப்ப சின்னவன் கேட்டது, "அவரு நோட்டு நல்லா இருந்துச்சா, என்னோடத விட?" தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்.

ஹாபியும் நியூஸும் எங்க வீட்டுல ஒண்ணா கலந்தது, விண்வெளி வீரர்கள் தங்கி வேலை பாக்குற சர்வதேச விண்வெளி நிலையத்தாலதான். அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்துல பறக்குது, 90 நிமிஷத்துக்கு ஒரு தடவ பூமிய சுத்திடுது, சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்துலயோ விடியறதுக்கு முன்னாடியோ நம்ம தலைக்கு மேல போனா வெறுங்கண்ணுக்கே தெரியும், கீழ நமக்கு இருட்டு, மேல அதுக்கு இன்னும் வெயில் அடிக்குது, அதான். மினுக்காம, சத்தம் இல்லாம, ஒரே சீரா போகும், அஞ்சாறு நிமிஷத்துல முடிஞ்சிடும், சில சமயம் பாதி வானத்துலயே பொசுக்குனு அணைஞ்சு போயிடும், பூமியோட நிழலுக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். எந்த ஊருக்கு மேல எத்தனை மணிக்கு வருதுன்னு நாசாவே சொல்லிடுறாங்க.

2024 ஜூன் 5 நாசா விண்வெளி வீரர்கள் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஸ்டார்லைனர்ங்கற விண்கலத்துல அந்த நிலையத்துக்கு கிளம்பினாங்க, ஏறக்குறைய எட்டு நாள் ப்ளான். ஹீலியம் கசிவு, கலத்த தள்ளுற குட்டி எஞ்சினான த்ரஸ்டர்ல கோளாறுன்னு இழுத்துக்கிட்டே போய் செப்டம்பர்ல அந்த கலம் ஆள் இல்லாம தனியா திரும்பி வந்துச்சு. டிவியில எல்லாம் மாட்டிக்கிட்டாங்க, எப்ப வருவாங்கன்னு ஒரே பரபரப்பு. சின்னவன் கேட்டது வேற, "எட்டு நாளைக்குத்தான டிரஸ் எடுத்துட்டு போயிருப்பாங்க, இப்ப என்ன போடுவாங்க?" சிரிச்சிட்டு தேடிப்பாத்தா, எட்டு நாளைக்கான துணிப்பெட்டி கூட போகலையாம். நிலையத்துல சிறுநீரை சுத்தம் பண்ணி தண்ணியாக்கற மெஷினுக்கு பம்ப் பழுதாயிடுச்சு, அத கொண்டு போக இடம் வேணும்னு கடைசி நேரத்துல இவங்க பெட்டிய எறக்கிட்டாங்க, அங்க இருந்த உபரி துணிய போட்டுக்கிட்டு ஓட்டியிருக்காங்க, ஆகஸ்ட்ல போன சரக்கு கலத்துலதான் இவங்களுக்கு துணி போய் சேந்துச்சு. எந்த தலைப்புலயும் நான் இத பாக்கல, எட்டு வயசு கேள்வியிலதான் வெளிய வந்துச்சு. 286 நாள் கழிச்சு 2025 மார்ச் 18 அவங்க வேற கலத்துல வந்து கடல்ல எறங்கினப்ப கலத்தை சுத்தி டால்பின் கூட்டம் வந்துச்சே, அன்னைக்கு பெரியவ "நீ அப்படி மாட்டிக்கிட்டா அப்பா எங்களுக்கு என்ன சமைப்பாரு"ன்னு கேட்டா. பக்கத்துல இருந்த அப்பா பதில் சொல்லல.

பயமுறுத்துற நியூஸ் வந்தா என்ன பண்றதுன்னும் சிலர் கேக்குறாங்க. 2025 பிப்ரவரியில 2024 ஒய்ஆர்4ங்கற விண்கல் பத்தி ஸ்கூல் வேன்ல யாரோ சொல்லி, சின்னவன் மூஞ்சி தொங்கிப்போய் வந்தான். 2032 டிசம்பர் 22 அது பூமியில மோதறதுக்கான வாய்ப்பு ஜனவரி கடைசியில ஒரு சதவீதத்த தாண்டுச்சு, பிப்ரவரி 18 அன்னைக்கு 3.1 வரைக்கும் போச்சு. "தினம் தினம் ஏறுதுன்னா கிட்ட வந்துட்டே இருக்குன்னுதான அர்த்தம்?" இதான் அவன் கேள்வி. அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடான்னு தட்டிக்குடுத்தா எந்த பிள்ளையும் அடங்காதுங்க, எப்படின்னு காட்டணும். நோட்டுலயே நீளமா ஒரு கோடு போட்டேன், அன்னைக்கு அந்த கல்லு இந்த கோட்டுல எங்க வேணா இருக்கலாம், இன்னும் சரியா தெரியல. கோட்டுக்குள்ள ஒரு புள்ளி, அது பூமி. டெலஸ்கோப்ல பாக்க பாக்க இங்க இருக்காது, இங்க இருக்காதுன்னு கோட்டோட முனைய ரப்பர் வெச்சு அழிச்சிட்டே வரணும். கோடு சுருங்குது, புள்ளி அதே சைஸ்தான், அப்ப மிச்சமிருக்கிற கோட்டுல புள்ளியோட பங்கு கூடிட்டே போகுமா இல்லையா, சதவீதம் ஏறுனது அதனாலதான். இன்னும் அழிச்சா ரப்பர் புள்ளி மேலயே வந்துடும், அப்ப மொத்தமா விழுந்துடும். அவனே ரப்பரை வாங்கி அழிச்சு அழிச்சு பேப்பர் நைஞ்சு போச்சு. பிப்ரவரி 24 நாசா சொன்ன கணக்கு 0.004 சதவீதம். அவனுக்கு லேசா ஏமாத்தம்தான், அதுக்குள்ள 2032ல பத்தாங்கிளாஸ் பரீட்சை இருக்காதுன்னு கணக்கு போட்டு வெச்சிருந்தான்.

எல்லா நியூஸுக்கும் இப்படி ரப்பர் இருக்காது. 2023 பிப்ரவரி 6 துருக்கி, சிரியா நிலநடுக்கம், 7.8, அன்னைக்கே சில மணி நேரம் கழிச்சு 7.5. அப்ப பெரியவ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல, கேள்விய மட்டும் எழுதினேன், அத இங்க போட வேணாம். அரசியல் சண்டை எதையும் எழுதுறதில்ல, போன வருஷத்து கோவத்த இந்த வருஷம் படிச்சா சலிப்பாத்தான் இருக்கு.

இன்னொரு விஷயம், இத பலர் ஒத்துக்க மாட்டாங்க. எங்க வீட்டுல நோட்டு பூட்டுல இல்ல, பிள்ளைங்க எப்ப வேணா படிக்கலாம், தன்ன பத்தி எழுதினது பிடிக்கலன்னா அவங்களே அடிச்சிடலாம், நான் ஏன்னு கேக்க மாட்டேன். பெரியவ நாலஞ்சு இடத்துல பட்டையா அடிச்சிருக்கா, அதுல ஒண்ணு எனக்கு ரொம்ப பிடிச்ச பக்கம், போகட்டும். அவங்க வாழ்க்கையத்தான நான் எழுதுறேன். சோஷியல் மீடியாவுல போட்டிருந்தா இந்த மாதிரி ஒரு கோட்டுல அடிச்சிட முடியுமா சொல்லுங்க, யாரு காப்பி எடுத்து வெச்சிருக்காங்கன்னே தெரியாது.

ஆப்பா நோட்டான்னு கேட்டா நோட்டுதான் என் கட்சி. ஆப்ல எழுதப்போனா நோட்டிபிகேஷன் வருது, அங்கேருந்து வேற எங்கயோ போயிடுறேன். அப்புறம் ஆப்ல சின்னவன் வியாழனை வரைய முடியாது. எழுதுறது ராத்திரி படுக்கப்போற நேரம்தான், அன்னைக்கு கேட்டது அன்னைக்கே எழுதிடணும், மறுநாளைக்கு விட்டா அவங்க வார்த்தை போயி நம்ம வார்த்தை வந்து உக்காந்துடும்.

இப்ப நோட்டுல கடைசி பக்கத்த சின்னவன் புடிச்சு வெச்சிருக்கான், 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. அன்னைக்கு அபோஃபிஸ்ங்கற விண்கல் பூமிக்கு மேல ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்துல கடந்து போகுது, டிவி சேட்டிலைட் சுத்துற உயரத்தவிட கிட்ட, மோதாதுன்னு உறுதி பண்ணிட்டாங்க, வானம் இருட்டா இருக்கிற சில நாடுகள்ல வெறுங்கண்ணுக்கே தெரியுமாம். அந்த பக்கத்துல "ஸ்கூல் லீவ் போடணும்"னு பெருசா எழுதி அடிக்கோடு போட்டிருக்கான். ராத்திரிதானடா பாக்கப்போறோம், மறுநாள் சனிக்கிழமை வேற, லீவ் எதுக்குன்னு கேட்டா "ப்ராக்டிஸ் பண்ண"ங்கறான். பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.