பக்கத்து மனையில் பழைய வீட்டை இடிக்கிறார்கள். தூசியால் நோய் வருமா? கேட்டால் "வெறும் மண்ணுதான் சார்" என்கிறார்களே?

"வெறும் மண்ணுதான் சார்." இதே வசனத்தை நானும் பல வருடம் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். சைட் எஞ்சினியர் வேலை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சென்னைக்காரர், வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள்.

2014-ல் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டாவது மாடி பால்ஸ் சீலிங்கைப் பிரிக்கும் வேலை. பகலில் முடியாது என்பதால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தோம். நடுவில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன், அவ்வளவுதான் ஏற்பாடு. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நர்ஸம்மா வந்து வேலையை நிறுத்தச் சொன்னார். நான் வழக்கமான வசனத்தைச் சொன்னேன். அவர் பேசவில்லை. என்னைக் கூட்டிப்போய், குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியை விரலால் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். விரல் வெள்ளையாக வந்தது. அது புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுத்துக்கொள்கிறவர்களின் வார்டு.

காலையில் டாக்டர் வந்து காய்ச்சி எடுத்தார். பழைய சீலிங்குக்கு மேல், சுவர் ஓதத்தில், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும். இடிக்கும்போது அதன் விதைத்துகள்கள் தூசியோடு பறக்கும். இரண்டு மூன்று மைக்ரான்தான், நேராக நுரையீரலுக்குப் போகும். நீங்களும் நானும் தினமும் சுவாசிக்கிறோம், உடம்பு சமாளித்துக்கொள்கிறது. கீமோவால் ரத்தத்தில் வெள்ளையணு இறங்கியவர்களுக்கு அது உயிர் போகிற நிமோனியா. (நான் டாக்டர் இல்லை. அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன், பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம்.)

பிறகு தரையிலிருந்து கான்கிரீட் தளம் வரை பாலிதீன் ஷீட் அடித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். ஏசி வாய்களை மூடினோம். காற்று எங்கள் பக்கமிருந்து வார்டுக்குள் போகாதபடி, ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி வெளியே இழுத்தோம். ரப்பீஷை, அதாவது இடிபாட்டை, நனைத்து, சாக்கில் கட்டி இறக்கினோம். நான்கு நாள் வேலை ஒன்பது நாளானது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி மொட்டைமாடியில் படிந்துவிடும். தெரியாததுதான் வில்லங்கம். கான்கிரீட், கருங்கல், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா என்ற தாது உண்டு, உடைக்கும்போது பொடித்தூசியாகப் பறக்கும். புற்றுநோய் உண்டாக்குவது என்று 1997-லேயே உலக அளவில் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது வருடக்கணக்கில் படிந்த நுரையீரலை டிபி சுலபமாகப் பிடிக்கும். உங்களுக்குச் சில வாரத் தொல்லை, அங்கே கர்ச்சீப் கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்கிற பையனுக்கு வாழ்நாள் முழுக்க. கர்ச்சீப் இதற்குப் பிரயோஜனமே இல்லை, என்95 வேண்டும். என் சைட்டிலும் ரொம்ப நாள் கர்ச்சீப்தான், மறைக்கவில்லை.

காற்று மாசு மிகுந்த ஊர்களில் திறந்த வெளியில் கல் அறுக்கக் கூடாது, மணலையும் இடிபாட்டையும் மூட வேண்டும் என்று 2018-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. பச்சை வலை கட்டிவிட்டேன் என்பார்கள். காய்ந்த வலையில் பொடித்தூசி தாராளமாக வெளியே வரும். இடிப்பதற்கு முன்பே சுவரை நனைக்கச் சொல்லுங்கள். புகை கிளம்பிய பிறகு ஹோஸ் பிடிப்பது புகைப்படத்துக்குத்தான் உதவும். மேலிருந்து ரப்பீஷை வீசாமல் சாக்கிலோ குழாய் வழியாகவோ இறக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டேங்கர் தண்ணீர் அதிகம் ஆகும், அதற்குமேல் செலவில்லை.

முதலில் ஓனரிடம் பேசுங்கள், மேஸ்திரியிடம் கத்தாதீர்கள், அவர் கையில் ஒன்றுமில்லை. கேட்காவிட்டால் மாநகராட்சி எண் 1913. வீட்டில் கீமோ, ஸ்டீராய்டு, சிறுநீரக மாற்று என்று யாராவது இருந்தால், இடிக்கிற நாட்களில் அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மற்றவர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மறக்காமல் மேல்தொட்டி மூடியையும் பாருங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் மூடியே கிடையாது.