ஞாயிறு வாசகங்களும் வார நாட்களும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஞாயிறு திருப்பலியில் மூன்று வாசகங்களையும் கவனமாகத்தான் கேட்கிறேன். ஆனால் அவற்றுக்கிடையே என்ன தொடர்பு என்று புரிவதில்லை. திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை. என் அன்றாட வாழ்வுக்கான பொருளை இவற்றில் எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: மூன்று வாசகங்களையும் ஒரே கருத்தில் இணைத்துவிட வேண்டும் என்று பலர் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பில் பாதி தேவையற்றது. விவிலியத்தின் கருவூலங்கள் இறைமக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவைக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் கேட்டுக்கொண்டது. அதன் பயனாக 1969-இல் வெளிவந்த வாசக அமைப்பின்படி, ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா என்று நற்செய்திகள் தொடர்ச்சியாக வாசிக்கப்படுகின்றன. யோவான் நற்செய்தி பெரும்பாலும் தவக்காலத்திலும், உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் பாஸ்கா காலத்திலும் ஒலிக்கிறது. இத்தகைய சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருத்தமாகப் பழைய ஏற்பாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. பதிலுரைப் பாடல் அந்த முதல் வாசகத்துக்கு மறுமொழி சொல்கிறது. இரண்டாம் வாசகமோ திருத்தூதர் கடிதங்களில் ஒன்றைச் சில வாரங்களுக்குத் தொடர்ந்து கொண்டுசெல்கிறது. எனவே முதல் வாசகத்தை நற்செய்தியோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டாம் வாசகத்தைப் போன வாரத்து இரண்டாம் வாசகத்தோடு சேர்த்துப் படியுங்கள். இது தெரிந்தாலே குழப்பம் பெருமளவு நீங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு, பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு. முதல் வாசகத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பானையில் கையளவு மாவும், கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான் மீதி. அதைச் சமைத்துத் தானும் மகனும் உண்டுவிட்டுச் சாக வேண்டியதுதான் என்கிறார். அந்த நிலையில் இறைவாக்கினர் எலியா வந்து முதலில் தனக்கு ஓர் அப்பம் கேட்கிறார்; கைம்பெண்ணும் அப்படியே செய்கிறார். நற்செய்தியில் இன்னொரு கைம்பெண் கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போடுகிறார். இந்த இரு பெண்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததும், ‘நாமும் தாராளமாகக் கொடுக்க வேண்டும்’ என்று முடிவுக்கு வந்துவிடுவது எளிது. அது தவறல்ல, ஆனால் அவசர முடிவு. அன்றைய நற்செய்தி மாற்கு 12:38–44. அதன் தொடக்கத்திலேயே இயேசு, நீண்ட தொங்கலாடை அணிந்து நடமாடி, கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொள்ளும் மறைநூல் அறிஞர்களைப் பற்றி எச்சரிக்கிறார். அதற்கு மாற்றாக அனுமதிக்கப்பட்டுள்ள குறுகிய வாசகத்தைத் தேர்ந்தால் அந்த வரிகள் விடுபட்டுப்போகும். காணிக்கை மட்டும் எஞ்சும். முழுப் பகுதியையும் படிக்கும்போதுதான், பிழைப்புக்கு வைத்திருந்ததை எல்லாம் போட்டுவிட்ட அந்தப் பெண்ணை இயேசு தம் சீடரைக் கூப்பிட்டுக் காட்டுவதில் வியப்போடு வேதனையும் கலந்திருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். அந்தக் கோவிலில் பெருங்கூட்டம் இருந்தது; செல்வர்கள் பலர் மிகுதியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்; அவ்வளவு பேருக்கு நடுவே இயேசு அந்த ஒருவரைக் கவனித்தார். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் யாரும் கவனிக்காத ஒருவர் நிச்சயம் இருப்பார். உங்கள் வசதிக்காக அவருடைய நேரமோ உழைப்போ பிடுங்கப்படுகிறதா என்று அந்த வாரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தால், நற்செய்தி உங்களோடு வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மூன்று வாசகங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘கவனித்தார்’ என்ற ஒரே வினைச்சொல் போதும்.

கேள்வி: திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நான் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் உழைக்கிறேன். நேற்று வந்தவர்களுக்கும் எனக்கும் ஒரே மதிப்புதான். இந்த உவமை எனக்கு என்ன ஆறுதல் தரும்?

பதில்: உங்கள் மனத்தாங்கல் உவமைக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மத்தேயு 20:1–16 முதலாம் ஆண்டின் 25ஆம் ஞாயிறு வாசகம். விடியற்காலை, ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி, மாலை ஐந்து மணி என்று ஐந்து முறை நிலக்கிழார் ஆள் தேடி வெளியே போகிறார். கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கச் சொல்கிறார்; எல்லாருக்கும் கிடைப்பது ஒரே கூலி, ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசிய ஒரு தெனாரியத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் நிறைவோடு போயிருப்பார்கள். பிறர் வாங்கியதைப் பார்த்த பிறகுதான் தங்கள் கூலி அவர்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. இந்த வரிசையைக் கவனித்துவிட்டு உங்கள் வருத்தத்தைக் கொஞ்சம் ஆராயுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே குறை வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்த பிறகு வந்த வருத்தமா? உண்மையிலேயே குறை வைக்கப்பட்டிருந்தால் உரியதைக் கேளுங்கள். அநீதியைப் பொறுத்துக்கொள்ளும்படி இந்த உவமை யாரையும் கேட்கவில்லை. ஒரு தெனாரியம் என்பது அன்றைய ஒரு நாள் கூலி, அதாவது ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடுவதற்கான பணம். அதை நிலக்கிழார் யாருக்கும் மறுக்கவில்லை.

இந்த உவமையில் நான் அதிகம் தங்குவது ஐந்து மணிக்கு வந்தவர்களிடம்தான். ‘நாள் முழுதும் ஏன் இங்கே வேலையின்றி நிற்கிறீர்கள்?’ என்று கேட்டபோது, எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; யாருக்கும் வேண்டாதவர்களாக வெயிலில் நின்றவர்கள். நாள் முழுதும் நம்மை யாரும் கூப்பிடவில்லையே என்று காத்துக்கிடப்பதும் ஒரு பாரம்தான். புதிதாக வந்த உங்கள் சக ஊழியர் அந்த வேலை கிடைக்கும்வரை எத்தனை வாசல்களில் நின்றாரோ? அவரிடம் ஒருநாள் கேட்டுப்பாருங்கள்; அதற்குப் பிறகு உவமையை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: வாசக அட்டவணை எதற்கு? மனம் போன பக்கத்தைத் திறந்து, கண்ணில் படும் வசனத்தை அன்றைய செய்தியாக எடுத்துக்கொண்டால் போதாதா?

பதில்: இறைவன் எந்தப் பக்கத்திலும் பேசக்கூடும். ஆனால் நமக்குப் பிடித்த பக்கங்களில்தான் நம் விரல் பழகிப்போகிறது. ஆறுதல் வசனங்களே திரும்பத் திரும்பக் கிடைக்கும். எடைக்கல்லையும் தராசையும் பொய்யாக்கி ஏழைகளை ஏய்ப்பவர்களை இறைவாக்கினர் ஆமோஸ் கண்டிக்கும் பகுதியை (ஆமோஸ் 8:4–7) நாமாகத் தேடிப் போய்ப் படிக்க மாட்டோம். மூன்றாம் ஆண்டு 25ஆம் ஞாயிறு அது தானாகவே வந்து, நம் வரவு செலவுக் கணக்கைப் பற்றிக் கேட்கிறது. நாம் தேர்ந்தெடுக்காத வசனத்துக்கு முன்னால் நிற்க வேண்டியிருப்பதுதான் அட்டவணையின் பெரிய பயன்.

கேள்வி: இரு சிறு பிள்ளைகளின் தாய் நான். உட்கார்ந்து தியானிக்க எனக்கு நேரமே கிடைப்பதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி, இறைவார்த்தையைச் செபமாக்கும் வழியை வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக எழுதிவைத்தார். அது துறவு மடத்தில் பிறந்த முறை; நான்கையும் ஒரே இருக்கையில் முடிக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஞாயிறு நற்செய்தியை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். சனிக்கிழமை கைவேலையாக இருக்கும்போது அதில் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: யார் நிற்கிறார், யார் பேசுகிறார், யார் மௌனமாக இருக்கிறார். ஞாயிறன்று ஆலயத்தில் அதையே மீண்டும் கேட்பீர்கள். அப்போது பிள்ளை அழுது நடுவில் வெளியே போக நேர்ந்தாலும் முழுவதும் கைநழுவிப் போயிருக்காது. இரவு பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியைக் கதையாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் பல மறையுரைகளைவிடக் கூர்மையாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: இவ்வளவும் செய்தும் சில வாரங்களில் மனத்தில் எதுவும் தோன்றுவதில்லை. அப்போது என்ன செய்வது?

பதில்: எதையும் வலிந்து தோன்ற வைக்காதீர்கள். எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர்கள் இருவருக்கு, உயிர்த்தெழுந்த இயேசுவே வழிநெடுக மறைநூலை விளக்கினார். ஆனாலும் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்களின் கண்கள் திறந்து, அவரை அடையாளம் கண்டார்கள். வழியிலேயே தங்கள் உள்ளம் பற்றி எரிந்துகொண்டிருந்ததை அதற்குப் பிறகே அவர்கள் உணர்ந்தார்கள் (லூக்கா 24:13–35). எனவே புரியாத வசனத்தை ஒரு தாளில் எழுதி, தேதியும் போட்டு விவிலியத்துக்குள் வைத்துவிடுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஞாயிறு வாசகம் திரும்பி வரும்போது அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள்.