நிரல் எழுதிய கை சட்டம் நடத்துகிறது: வேலூர்ப் பேராசிரியரிடம் சில கேள்விகள்

பதினோரு ஆண்டுகள் சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் எழுதினேன். பிறகு சட்டம் படித்து, இப்போது வேலூரில் ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

நல்ல சம்பளத்தை விட்டு ஏன் சார் இந்த வேலை? (காட்பாடி)

என் மாமனாரும் இதைத்தான் இன்னும் கேட்கிறார். எங்கள் நிறுவனத்துக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் தகராறு வந்தது. மென்பொருளை வழக்கறிஞருக்கு விளக்க என்னை அனுப்பினார்கள். ஒப்பந்தத்தில் ‘பணி நிறைவு’ என்ற சொல்லுக்கு யாருமே பொருள் எழுதி வைக்கவில்லை. மூன்று மாதம் அந்த ஒரு சொல்லின் மேல்தான் சண்டை. நிரலில் அறிவிக்காத ஒரு பெயரைப் பயன்படுத்தினால் கணினி அங்கேயே நின்றுவிடும். இங்கே அதை வைத்து ஒரு வழக்கே நடந்தது. மற்றவர்களுக்கு எரிச்சல், எனக்கு ருசி. அப்படித்தான் தொற்றிக்கொண்டது.

எனக்கு வயது 34. வேலையை விடாமல் அஞ்சல் வழியில் சட்டம் படிக்கலாமா? (குடியாத்தம்)

முடியாது. அஞ்சல் வழிச் சட்டப் பட்டத்தை, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை. பட்டதாரிகளுக்கு மூன்றாண்டுப் படிப்பு, கல்லூரிக்கு நேரில் போயாக வேண்டும். ஆசிரியராக வேண்டுமானால் அதன் மேல் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டத்தில் 55 சதவீதம், பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். என் வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருபவர் ஓய்வு பெற்ற தாசில்தார்.

நிரல் எழுதிய பழக்கம் சட்டம் படிக்க உதவுகிறதா? (ஆரணி)

பாதி தூரம் உதவும், அம்மா. மீதி தூரம் காலை வாரிவிடும்.

ஒரு சட்டத்தைப் பிரித்தால் முதலில் வருபவை வரையறைகள். பிறகு பிரிவுகள், ‘ஆனால்’ என்று தொடங்கும் விலக்குகள், ‘வேறு எதில் என்ன சொல்லியிருந்தாலும்’ என்று மற்றவற்றை மீறிப் போகும் பிரிவுகள். எந்த விதி எதை வெல்லும் என்று வரிசை பிடிப்பதில் மென்பொருள்காரர்கள் கெட்டி.

சிக்கல் அதற்குப் பிறகு. நம் ஊர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த வட ஆற்காட்டின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வருமுன் தடுக்க வேண்டும். இவை இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றார். தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்.

முதல் முறை படித்தபோது நான் தேடியது, இந்த விதி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைத்தான். அப்படி ஒரு வரி தனியாக இல்லை. அரசியலமைப்பின் 21, 48ஏ போன்ற பிரிவுகளையும் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கைகளையும் சேர்த்து வாசித்து நீதிமன்றம் அதை எடுத்தது. எழுதாத வரியைக் கணினி ஓட்டாது. நீதிபதி காரணம் காட்டி ஓட்டுவார். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. இன்று இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் ‘வேலூர்’ என்ற பெயரை முதலில் படிப்பது இந்த வழக்கில்தான், கோட்டையெல்லாம் அப்புறம்.

கடன் வாங்கியவர் ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. படம் பிடித்து வைத்தால் போதுமா? (ஆம்பூர்)

போதாது, ஐயா. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. பழைய 65பி பிரிவின் வேலையை இப்போது 63ஆம் பிரிவு செய்கிறது. மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதற்கு இரண்டு பகுதிகள்: ஒன்றை நீங்கள் நிரப்ப வேண்டும், மற்றதை வல்லுநர்.

அந்தப் படிவத்தில் ‘ஹாஷ்’ மதிப்பு கேட்பார்கள். அது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி. வகுப்பில் ஒரு கோப்பில் ஒரே ஒரு இடைவெளியை மட்டும் கூட்டிக் காட்டுவேன். ஷா-256 முறையில் வரும் 64 எழுத்தும் எண்ணும் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்தீர்களா என்பதற்குச் சாட்சி அதுதான். நான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த பழைய தொழில், சட்டப் புத்தகத்தின் அட்டவணையில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்களுக்கு என் யோசனை: செய்தியை அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்காதீர்கள்.

அலுவலகத்தில் நான் எழுதிய நிரல் எனக்குச் சொந்தமா? (ராணிப்பேட்டை)

இல்லை, தம்பி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்கிறது (கவிஞர்கள் மன்னிக்க). 17ஆம் பிரிவின்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னால் தவிர.

கல்லூரியில் இருந்துகொண்டே சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் வாதாடுகிறீர்களா? (வேலூர்)

இல்லை. முழுநேரச் சம்பளக்காரர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம்.

வருமானம் குறைந்ததா? உண்மையைச் சொல்லுங்கள். (மீண்டும் காட்பாடி)

குறைந்தது. முதல் ஆண்டு முழுவதும் இங்கே வாங்கியதை அங்கே ஒரு தீபாவளி போனஸாக வாங்கியிருக்கிறேன். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிய பிறகுதான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நீங்களும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.