ஒரே பந்தி, இரண்டு கட்சி

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தைச் சேர்ந்தவன். நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. தி.மு.க. கூட்டணிக்கு ஓட்டுப் போடாத கிறிஸ்தவன் சபைக்கே துரோகி என்று என் பெரியப்பா எழுதினார். ஆர்கன் வாசிக்கும் அண்ணன் நாம் தமிழர் கட்சிக்காரர். அவர் பதில் எழுத, பெரியப்பா அவரை யூதாஸ் என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. "இனி சபையில் யாரும் அரசியல் பேசக் கூடாது, ஒற்றுமைதான் முக்கியம்" என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் அறிவித்துவிட்டார். வெளியே அமைதியாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இதுவா ஒற்றுமை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

இல்லை. ஒரு குடும்பத்தை வெளியே விட்டுவிட்டு மிச்சப் பேர் பேசாமல் இருப்பதற்கு ஒற்றுமை என்று பேர் வைக்க முடியாது. ஐயரை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்குச் சண்டை நின்றால் போதும் என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த அறிவிப்பே நிரந்தரமாகிவிடக் கூடாது.

நீங்கள் இருக்கும் திருச்சபையே பேசிப் பேசி உருவானதுதான். வெவ்வேறு சபைகள் ஒன்றாக இணைவது பற்றி 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் முடிந்தது. 28 வருஷம். பேராயர் என்ற பதவி வேண்டுமா, யார் கையால் அபிஷேகம் பெற்றவர் திருவிருந்து கொடுக்கலாம் என்று ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும் மற்றவர்களும் விடாமல் வாதாடினார்கள். அந்த ஐக்கியத்துக்காக உழைத்த பேராயர் அசரியா அதைப் பார்க்காமலேயே 1945இல் காலமானார். கருத்தை மறைத்துக்கொண்டு யாரும் ஒன்றுசேரவில்லை.

பவுலும் அப்படிக் கேட்கவில்லை. ரோமாபுரிச் சபைக்கு அவர் எழுதிய நிருபத்தில், அதாவது வேதத்தில் ரோமர் 14ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். இறைச்சி சாப்பிடலாமா, எந்த நாளை விசேஷமாக வைப்பது என்று அந்தச் சபையில் தகராறு. பவுல் எந்தப் பக்கம் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். அப்புறம், மற்றவரைத் தள்ளாதே, சேர்த்துக்கொள் என்கிறார். பலவீனமுள்ளவனுக்காகப் பலமுள்ளவன் தாங்கிப்போக வேண்டும், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார முடிய வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

இதே பலவீனத்தைக் காரணம் காட்டி ஒரு திருச்சபை எவ்வளவு தூரம் கெட்டுப்போனது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இருந்த டச்சு சீர்திருத்தச் சபை, திருவிருந்தில் நிற வேறுபாடு பார்க்கக் கூடாது என்று 1829இல் முடிவு செய்திருந்தது. சில வெள்ளைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1857இல் மறுபடி சினாடு, அதாவது திருச்சபையின் பேரவை, கூடியது. எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று எழுதிவிட்டு, 'சிலருடைய பலவீனத்தால்' தடை வருமானால் தனித்தனியாகக் கூடிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துவிட்டார்கள். சமாதானத்துக்காகச் செய்த சலுகை. 1881இல் கலப்பின விசுவாசிகளுக்கென்று தனிச் சபையே வந்துவிட்டது. 1948க்குப் பிறகு நாட்டையே நிறவாரியாகப் பிரித்தவர்களுக்கு, வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு அந்த வெள்ளையர் சபை போய்ச் சேர்ந்தது. தனியாக ஒதுக்கப்பட்ட சபையிலிருந்துதான் பதில் எழுந்தது. 1982இல் எழுதி 1986இல் ஏற்றுக்கொண்ட பெல்ஹார் விசுவாச அறிக்கை அவர்களுடையது. ஒற்றுமையையும் நீதியையும் அது பிரிக்க மறுத்தது.

இதற்குத் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. உங்கள் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் அந்தக் காலத்தில் பீடம் ஒன்று, ஜனங்கள் உட்கார இரண்டு நீண்ட கூடங்கள். வேளாளர் ஒன்றில், நாடார் மற்றொன்றில். பீடத்தில் நிற்கும் சாமியார் இரண்டு பேருக்கும் தெரிவார், இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சண்டையில்லாமல் பூசை நடக்க அப்படிக் கட்டினார்கள். 1910இல் அந்தப் பிரிப்பை அகற்றியபோது கோர்ட் வரை போனார்கள். அது திரும்ப வேண்டும் என்று கேட்டவர்கள் தோற்றார்கள்.

ஆகவே எனக்கு ஒரு விஷயம் தெளிவு. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதில் உங்கள் பெரியப்பாவும் அந்த அண்ணனும் கடைசிவரை மாறுபடலாம். அதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க யாருக்கும் உரிமை கிடையாது. இன்னாருக்குப் போடு என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லவும் கூடாது. ஆனால் பக்கத்தில் இருப்பவன் எனக்குச் சமமா என்ற கேள்வி வந்தால், அங்கே 'அரசியல் வேண்டாம்' என்று சொல்லி நழுவக் கூடாது. சாதி பார்த்துச் சேகரக் கமிட்டித் தேர்தல் நடந்தால் அதைச் சபையில்தான் பேச வேண்டும்.

உங்கள் சபையில் நடந்தது முதல் வகை. அதனால் சரிசெய்ய முடியும். யூதாஸ் என்ற சொல்லைப் பெரியப்பாதான் திரும்பப் பெற வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் போதாது. அந்த வீட்டுக்கே போகட்டும், ஐயரும் கூடப் போகட்டும், நீங்களும் போங்கள். கட்சியை விட்டுவிட்டு வா என்று அண்ணனிடம் கேட்காதீர்கள். சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகை வரும்போது வழக்கம்போல அவருக்கும் ஒரு வேலை ஒதுக்குங்கள், பெரியப்பா நிற்கும் அதே அடுப்படியில். அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சபையார் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச ஐயரிடம் அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால் தரங்கம்பாடிக் கதையைச் சொல்லுங்கள்.