நகரத்தில் வேலை. குடும்பத்தோடு இருக்க, கைக்கு எட்டும் விலையில் வீடு வேண்டும். எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம்?

கிலோமீட்டரை மறந்துவிட்டு, வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 'ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிடம்' என்று விளம்பரத்தில் போடுவார்கள், அது காலி ரோட்டில் காரில் போனால்! நடை, வண்டி நிறுத்த இடம் தேடுவது, ரயிலுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் கணக்கே வேறு.

ஒரு வழிக்கு 45 நிமிடம் கூடினால், 22 வேலை நாளுக்கு மாதம் 33 மணி நேரம், அதாவது சம்பளமில்லாத நான்கு வேலை நாள். மனிதர்கள் பொதுவாக நாளுக்கு மொத்தம் ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று சீசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் எழுதினார். என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

விலை குறைவு என்று குதிக்கும் முன், இருவருக்கும் மாத ரயில் பாஸ், இரண்டாவது வண்டி, அதன் எரிபொருள், பராமரிப்பு எல்லாவற்றையும் தவணையோடு கூட்டிப் பாருங்கள். பல சமயம் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

எல்லோரும் தேடும் ஸ்டேஷனைத் தாண்டி இரண்டு ஸ்டேஷன் தள்ளித் தேடுங்கள். ரயில் அங்கேயே புறப்பட்டால் உட்கார இடமும் கிடைக்கும். வீடு பார்க்க ஞாயிறு போகலாம், ஆனால் வழியைத் திங்கள் காலை நெரிசலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்புறம் கடைசி ரயில் எத்தனை மணிக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால் யார் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள். முடிந்தால் முதலில் ஆறு மாதம் அதே பகுதியில் வாடகைக்கு இருங்கள்.