வானம் வெளுக்கிறது, பாறை கருக்கிறது: என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பரே. கடற்கரையில் விடியலில் படமெடுக்கும்போது வானத்துக்கு வெளிச்ச அளவெடுத்தால் பாறைகள் கருத்துப்போகின்றன, பாறைக்கு எடுத்தால் வானம் வெளுக்கிறது, மேகம் நகர்ந்ததும் எல்லாம் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமராவில் கோளாறு இல்லை. அந்த நேரத்து வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்தில் அடங்காது, அவ்வளவுதான்.

ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிவுசெய்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு) என்று வைத்துவிட்டு, வெளிச்சம் மாற மாற ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில், அதாவது வெளிச்சப் பக்கத்தில், முட்டக் கூடாது. இருண்ட பாறையைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெளுத்த மேகத்தை மீட்கவே முடியாது. அப்படியும் போதவில்லை என்றால் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணைக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் அலை வேறு இடத்தில் இருக்கும், தண்ணீரை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிக்கலே வேண்டாம் என்றுதான் நான் கிராஜுவேட்டட் என்டி ஃபில்டரை, அதாவது மேல்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும் கண்ணாடியை, லென்ஸ் முன் வைக்க விரும்புகிறேன். அடிவானம் நேராக இருக்கும் கடலுக்கு அது அருமையாகப் பொருந்தும்.

அலை இழை இழையாகத் தெரிய அரை நொடி வைத்துப் பாருங்கள், முக்காலி அவசியம். அப்புறம், லென்ஸில் படியும் உப்புத் துளிகளை அடிக்கடி துடையுங்கள். மழை வந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். அது விலகும் சில நிமிடங்களில் கிடைக்கும் வெளிச்சத்துக்காகவே காத்திருக்கலாம்.